என் படத்தைப் பார்த்துக் கட்டிய முகப்பு

கட்டடங்களைப் படம் எடுப்பது என் தொழில். இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் லேசாகச் சுருங்கும். கல்யாணம் எடுப்பீர்களா, குழந்தைகளை எடுப்பீர்களா என்பார்கள். இல்லை, கட்டடம் மட்டும்தான் என்றால், "அது அசையாமத்தானே நிக்குது, அதுல என்ன கஷ்டம்?" என்று அடுத்த கேள்வி வரும். என் மாமியார் கேட்டிருக்கிறார், பாஸ்டர் கேட்டிருக்கிறார், பல் டாக்டர் என் வாய்க்குள் கருவியை வைத்துக்கொண்டே கேட்டிருக்கிறார். முன்பெல்லாம் வெயில், நேரம், கோணம் என்று விளக்கம் சொல்வேன். இப்போது "ஆமாங்க, சும்மா போய் நின்னாப் போதும்" என்று சொல்லிவிடுகிறேன். தொண்டைத் தண்ணீராவது மிச்சமாகட்டும்.

ஆர்க்கிடெக்ட்டுகள் இன்னும் மோசம். அவர்கள் கேட்பதுகூட இல்லை. ஒரு கட்டடம் பத்திரிகையில் வந்தால் வடிவமைத்தவர் பெயர் வரும், கம்பிக் கணக்குப் போட்ட இன்ஜினியர் பெயர் வரும், விளக்கு வாங்கிய கடையின் பெயர்கூட வரும். பக்கம் முழுக்க நிறைந்திருக்கும் படத்தை எடுத்தவள் பெயர் மட்டும் ஓரத்தில், தாள் மடிப்புக்குள், பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் அளவில் கிடக்கும். சில சமயம் அதுவும் கிடக்காது. கேட்டால், "அய்யோ மேடம், லேஅவுட்ல விட்டுப்போச்சு" என்பார்கள். எப்போதும் என் பெயர்தான் விட்டுப்போகும். அவர்கள் பெயர் விட்டுப்போய் நான் பார்த்ததே இல்லை.

இதெல்லாம் பழகிப்போன வயிற்றெரிச்சல். பழகாத ஒன்றைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி டீச்சர் வீடு இருந்தது. கான்வென்ட்டில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். பால்காரரிலிருந்து ஃபாதர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். வெள்ளைக்காரன் காலத்து ஓட்டு வீடு அது. அகலமாக, தாழ்வாக, தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். வாசலுக்கும் ஜன்னல்களுக்கும் மேலே மங்கி டாப். பெங்களூரில் பழைய வீடு பார்த்தவர்களுக்கு இது தெரியும். மேலே கூம்பாக முடியும் சின்ன மரக்கூரை, அதன் கீழே வரிசையாக மரப்பட்டைகள், பட்டைகளுக்கு நடுவே இடைவெளி. குரங்கு வராமல் இருக்க வைத்தார்களா, குரங்கு வந்து உட்காருவதால் அந்தப் பெயரா என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

அந்த வீட்டைப் படம் எடுக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. தெரு குறுகல். எதிர்வீட்டு காம்பவுண்டுச் சுவரில் முதுகு ஒட்ட நின்றாலும் முகப்பு முழுதாகக் கேமராவுக்குள் வராது. கேமராவை அண்ணாந்து பார்க்க வைக்க வேண்டும். அண்ணாந்து எடுத்தால் தூண்கள் மேலே போகப் போக ஒன்றை ஒன்று நோக்கிச் சாயும், வீடே பின்பக்கம் விழுவது போல இருக்கும். எங்கள் தொழிலில் இதைக் கம்ப்யூட்டரில் நிமிர்த்துவோம். சாய்ந்த தூண்களின் மேல்முனைகளைப் பிடித்து வெளிப்பக்கம் இழுத்தால் கோடுகள் நேராகிவிடும். இழுக்கும்போது படம் மேல்வாக்கில் கொஞ்சம் நீளும். டீச்சர் வீட்டுப் படமும் நீண்டது. குட்டையான தூண்கள் ஒல்லியாக உயர்ந்தன, மழுங்கிய கூம்பு கூர்மையானது. அதைத் திரும்ப அமுக்கிச் சரியான அளவுக்குக் கொண்டுவரலாம். நான் அமுக்கவில்லை. பார்த்தேன், பிடித்தது, அப்படியே விட்டேன். அந்த வீடு எப்படி இருந்திருக்க வேண்டுமோ அப்படி இருந்தது.

அப்புறம் அந்த நிழல். ஜனவரியில் காலை வெயில் தெருமுனையிலிருந்து சாய்ந்து வந்து மரப்பட்டைகளுக்குள் புகுந்து, முன்வாசலின் சிவப்புச் சிமெண்டுத் தரையில் சாய்வுக் கோடுகளாக விழும். கொஞ்ச நேரம்தான். கூர்மையாக விழ வேண்டும் என்றால் பனி கலைந்திருக்க வேண்டும், தெருவில் தண்ணீர் லாரி நிற்கக் கூடாது, டீச்சர் தரையைத் துடைத்து முடித்திருக்க வேண்டும். எத்தனை காலை போய் நின்றேன் என்று கணக்கு வைக்கவில்லை. "இன்னிக்கும் வந்துட்டியா? கோயிலுக்கு இப்படி வந்தா எப்பவோ மோட்சம் கிடைச்சிருக்கும்" என்று டீச்சர் உள்ளேயிருந்து சிரிப்பார். ஒருநாள் எல்லாம் கூடி வந்தது. எடுத்தேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல படம் எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன்.

படம் இணையத்தில் ஓடியது. என் பெயர் இல்லாமல்தான் ஓடியது. யாரோ கவிதை எழுதிப் போட்டார்கள், யாரோ காலை வணக்கம் போட்டார்கள். நான் பெரிதாக ஒரு பிரதி அச்சடித்து, சட்டம் போட்டு டீச்சருக்குக் கொடுத்தேன். அதன் பிறகு டீச்சரின் கணவர் தவறிப்போனார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்துகொண்டு வீட்டை விற்கச் சொன்னார்கள். டீச்சர் பக்கத்திலேயே ஒரு சின்ன ஃபிளாட்டுக்குப் போனார். வீட்டை இடித்து, கீழே கார் நிற்க மேலே மாடி மாடியாகக் கட்டிவிட்டார்கள். டீச்சர் ஃபிளாட்டில் டிவிக்கு மேலே என் படம் மாட்டியிருந்தது. எப்போது போனாலும் அதன் கீழேதான் உட்கார்ந்திருப்பார்.

பல வருஷம் கழித்து, சென்ற வருஷம், ஒரு பத்திரிகையிலிருந்து கூப்பிட்டார்கள். சர்ஜாபூர் ரோட்டுப் பக்கம் புதிதாக ஒரு கஃபே திறந்திருக்கிறார்கள், பழைய பெங்களூர் பாணியில், ஊரே பேசுகிறது, போய் எடுத்துக் கொடுங்கள் என்றார்கள். சரி என்று போனேன். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பியதும் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். இறங்கி நின்றேன். டீச்சர் வீடு நின்றுகொண்டிருந்தது.

முதலில் சந்தோஷம்தான் வந்தது, அதை மறைக்க மாட்டேன். செத்துப்போனவரை பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் வருமே, அப்படி ஒரு திடுக். ட்ரைபாடை விரித்துக் கேமராவை ஏற்றினேன். முன்னால் பெரிய முற்றம், எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பின்னால் போகலாம். அண்ணாந்து பார்க்கத் தேவையில்லை. கேமராவை நேராக வைத்துத் திரையைப் பார்த்தேன். ஒல்லியான தூண்கள், கூரான கூம்பு. நான் திருத்துவதற்கு ஒன்றுமே இல்லை. நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இழுத்து நிமிர்த்திய உருவம் எதுவோ, அதுவே மரமும் செங்கல்லுமாக எதிரில் நின்றது. டீச்சரின் வீடு இப்படி இருந்ததில்லை. என் படத்தில்தான் அது இப்படி இருந்தது.

அப்போதும் எனக்கு நூறு சதவீதம் உறைக்கவில்லை. முன்வாசல் தரையில் நிழல் அழகாக விழுந்திருந்தது, அதை எடுக்கலாம் என்று கிட்டே போனேன். சிவப்புத் தரை, சாய்வுக் கோடுகள். ஒரு மேகம் வந்தது. வெளிச்சம் மங்கியது. கோடுகள் மட்டும் மங்கவில்லை. குனிந்து தொட்டுப் பார்த்தேன். கறுப்புச் சிமெண்டு! சிவப்புத் தரைக்குள் கறுப்புக் கோடுகளாக இழைத்துப் பதித்திருந்தார்கள். எத்தனையோ ஜனவரிக் காலைகள் காத்திருந்து நான் பிடித்த நிழலை, கரணை வைத்துத் தேய்த்துத் தரையாக்கிவிட்டார்கள். மேகம் விலகியபோது அந்தக் கட்டடத்தின் சொந்த நிழல் வேறு பக்கமாகப் போய் ஒரு பூந்தொட்டி மேல் விழுந்தது. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆண்டவரே! திருட்டுக்கும் ஒரு அளவு இல்லையா? நகையைத் திருடுவான், செருப்பைத் திருடுவான், நிழலையுமா திருடுவான்?

வாசலில் ஒரு பித்தளைப் பலகை இருந்தது. காக்ஸ் டவுனின் மறைந்துபோன வீடுகளுக்குக் காணிக்கை என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே ஆர்க்கிடெக்ட்டின் பெயர். அவ்வளவுதான். நான் வேலையை முடித்துவிட்டு வந்தேன். ஏன் முடித்தேன் என்று இப்போதும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஒப்புக்கொண்ட வேலை, கை தானாகச் செய்தது. பத்திரிகையில் படம் வந்தது. "அசலான பார்வை" என்று தலைப்பு. அது வந்த வாரமே பழைய டீச்சர் வீட்டுப் படத்தை இணையத்தில் என் பக்கத்தில் போட்டேன். கீழே ஒரு பெண் எழுதினாள், அந்த சர்ஜாபூர் கஃபேதானே, கலரைக் குறைத்துப் பழசு மாதிரி ஆக்கியிருக்கிறீர்கள், நன்றாக இருக்கிறது என்று. பக்கத்தில் இதயம் வேறு.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எதையும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

"சரி, இப்ப என்ன? உன் நிழலைத் திருடிட்டாங்கன்னு ஸ்டேஷன்ல போய் கம்ப்ளைன்ட் குடுக்கப் போறியா?"

"கிண்டல் பண்ணாதீங்க. எனக்கு ரத்தம் கொதிக்குது."

"கிண்டல் இல்லடீ. அந்த வீட்டை எவனோ ஒரு மேஸ்திரி, எவனோ ஒரு ஆசாரி கட்டினான். நீ படம் எடுத்தப்ப அவன் பேரைப் போட்டியா?"

"அவன் யாருன்னே தெரியாதே."

"உனக்கு அவனைத் தெரியாது. இவனுக்கு உன்னைத் தெரியாது. போய்ட்டே இருக்கு பாரு."

இப்படித்தான், கல்யாணம் ஆன நாளிலிருந்து, எனக்கு வேண்டிய நேரத்தில் எதிர்க்கட்சியில் போய் உட்காருவார். அவர் சொன்னது எனக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்ததால்தான் கோபம் இன்னும் கூடியது. ஆனால் ஒன்று. அந்த ஆசாரியின் வேலையை நான் என் வேலை என்று எங்கும் சொல்லவில்லை. நான் கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் பித்தளைப் பலகையில் என் பெயர் வர வேண்டும். இன்னார் எடுத்த படத்தைப் பார்த்துக் கட்டியது என்று ஒரு வரி. வேறு எதுவும் வேண்டாம்.

மறுவாரம் மறுபடி போனேன். இந்த முறை பத்திரிகை சார்பாக இல்லை, சொந்தமாக. தோளில் கேமராப் பையைப் பார்த்ததும் வாசல் காவலாளி ஓடி வந்து கன்னடத்தில், "கேமரா ஃபோட்டோ தெகியோ ஹாகில்லா மேடம்" என்று தடுத்தார். போனில் எடுக்கலாமாம், கேமராவில் எடுப்பதற்கு ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டுமாம். என் படத்தைப் படம் எடுக்க எனக்கு அனுமதி இல்லை! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் மேல் என்ன தப்பு, பாவம். பையைக் காவலாளியிடமே கொடுத்துவிட்டு, லேப்டாப்பை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஆர்க்கிடெக்ட் மாடியில் ஒரு மேஜையை எடுத்துக்கொண்டு அங்கேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கோயம்புத்தூர்க்காரர், மரியாதையான பேச்சு. அந்த மரியாதைதான் எனக்கு ஆகவில்லை. எரிந்து விழுந்திருந்தால் நானும் நாலு வார்த்தை விட்டிருப்பேன்.

"இது என்னோட படம்" என்றேன், உட்காருவதற்கு முன்பே.

"தெரியுங்க மேடம். எங்க மூட் போர்டுல உங்க ஃபோட்டோதான் நடுவுல இருந்துச்சு. செம்ம படங்க அது." மூட் போர்டு என்றால் புதுக்கட்டடம் வரைவதற்கு முன் பிடித்த படங்களை எல்லாம் சேர்த்து ஒட்டிவைக்கும் பலகை.

மறுப்பார் என்று சண்டைக்குத் தயாராகப் போனவளுக்கு இது எப்படி இருக்கும்? "அப்புறம் ஏன் என் பேரு இல்லை?" என்றேன்.

"நாங்க எடுத்தது அந்த வீட்டைங்க மேடம். உங்க ஃபோட்டோ வழியாப் பார்த்தோம், அவ்வளவுதான். ஜன்னல் வழியா மரம் தெரியுதுன்னா, மரம் ஜன்னலோட சொத்துங்களா?"

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது ஒன்பது பதில் வந்தது. அங்கே வந்தது ஒன்றுதான். லேப்டாப்பைத் திறந்து, திருத்தாத முதல் படத்தைக் காட்டினேன். "பாருங்க, இது கேமராவுல இருந்து வந்தது. நான்தான் நிமிர்த்தினேன். நிமிர்த்தும்போது உசரமாயிடுச்சு. வீடு குட்டை. நீங்க கட்டியிருக்கறது வீடு இல்லை, நான் இழுத்த இழுப்பு."

அவர் நிதானமாகப் பார்த்தார். "இதுல வீடு பின்னாடி சாஞ்சிருக்குதுங்களே. நெஜமாவே சாஞ்சுதான் இருந்துச்சா?"

"இல்லை."

"அப்ப இதுவும் நெஜம் இல்லீங்க, அதுவும் நெஜம் இல்லீங்க. நடுவுல வீடு எவ்வளவு உசரம்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இடிச்சாச்சு."

"தரையில இருக்கற நிழல்?"

"நிழல் சூரியனோடதுங்க மேடம்" என்றார், சிரிக்காமல்.

எழுந்து போய்விட்டிருக்கலாம். என் புத்தி அப்படி இல்லையே. உயரம் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்றேன். அந்த வீட்டிலேயே வாழ்ந்தவர், அதிலும் கணக்கு டீச்சர், ஒரு இஞ்ச் தப்பினாலும் விடமாட்டார் என்றேன். ஆர்க்கிடெக்ட்டின் முகம் மலர்ந்துபோனது. "அந்த வீட்டுக்காரங்க இருக்காங்களா! அழைச்சிட்டு வாங்க மேடம். அவங்களே பார்த்து, இது எங்க வீடு மாதிரி இல்லை, உங்க ஃபோட்டோ மாதிரிதான் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். பலகையை மாத்தி உங்க பேரைப் போட்டுடறேன். சத்தியமா" என்றார். நான் அதை நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். டீச்சர் சொல்லியிருந்தால் போட்டிருப்பார்.

டீச்சரிடம் விஷயத்தை முழுதாகச் சொல்லவில்லை. முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துக் கூட்டிவந்தேன் என்று ஆகிவிடக் கூடாதே. உங்கள் வீடு மாதிரியே ஒன்று கட்டியிருக்கிறார்களாம், பார்த்துவிட்டு உண்மையைச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன். டீச்சர் ஞாயிற்றுக்கிழமைப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, தலைக்குப் பூ வைத்துக்கொண்டு கிளம்பினார். வழி முழுக்க, "அப்படியே காப்பி அடிச்சா கட்டியிருக்கான்? பரீட்சையா இருந்தா முட்டி போட வைப்பேன்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார். எனக்கு அதைக் கேட்கக் கேட்கத் தெம்பு வந்தது.

வாசலில் ஆர்க்கிடெக்ட் காத்திருந்தார். "வாங்க ஆன்ட்டி" என்று கையைப் பிடித்து இறக்கினார். டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது. என் கையை விட்டுவிட்டார். மெதுவாக முற்றத்தைத் தாண்டிப் போய், முதல் படியில் செருப்பைக் கழற்றினார். அங்கே காபி குடிக்க வருகிறவர்கள் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. உள்ளே இருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் தூணில் கை வைத்தார். அழ ஆரம்பித்துவிட்டார்.

"இயேசுவே, எங்க வீடு... எங்க வீடேதான்மா."

நான் கிட்டே போனேன். "நல்லா பாருங்க டீச்சர். அவசரம் இல்லை. இவ்வளவு உசரமாவா இருந்துச்சு?"

"இருந்துச்சே. உசரந்தானே. அதானே எங்க வீட்டுக்கு அழகு." குனிந்து தரையைப் பார்த்தார். கறுப்புச் சிமெண்டுக் கோடுகள் மேல் வெறுங்காலை வைத்தார். "இங்கதான் வெயில் விழும். இந்தக் கோட்டுப் பக்கம் நாற்காலியப் போட்டுத்தான் பேப்பர் திருத்துவேன். பாரேன், அப்படியே வச்சிருக்கான்."

மத்தியான வெயில் வேறு பக்கம் விழுந்துகொண்டிருந்தது. டீச்சர் அதைப் பார்க்கவில்லை. வருஷக்கணக்காக டிவிக்கு மேலே பார்த்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சரின் கணவர் நல்ல உயரம். அந்த வாசல் உத்தரத்தில் அவர் தலை இடித்துக்கொள்ளாத வாரமே கிடையாது. இடித்ததும் சர்ச் காம்பவுண்டுக்குள் சொல்லக் கூடாத ஒரு வார்த்தையைச் சொல்வார், நானே காதால் கேட்டிருக்கிறேன். இந்தப் புதுவாசலில் அவர் தோளில் இன்னொருவர் ஏறி நின்றாலும் இடிக்காது.

"சார் இங்க தலை இடிச்சுக்குவாரே டீச்சர், ஞாபகம் இல்லையா? குனிஞ்சு குனிஞ்சுதானே வருவாரு?"

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அவர் எங்க போனாலும் குனிஞ்சுதான்மா போவார். அவ்வளவு பணிவு அந்த மனுஷனுக்கு."

ஆர்க்கிடெக்ட் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஜெயித்த களை ஒன்றும் இல்லை, உண்மையில் கண் கலங்கியிருந்தது. அந்தக் கலக்கத்தைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. நிறுத்தியிருக்க வேண்டியவள் நிறுத்தவில்லை.

"டீச்சர், இது உங்க வீட்டைப் பார்த்துக் கட்டினது இல்லை. நான் எடுத்த படத்தைப் பார்த்துக் கட்டினது. படத்துல நான் இழுத்துப் பெருசாக்கிட்டேன். உங்க வீடு இப்படி இல்லவே இல்லை. அது குட்டை வீடு."

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வகுப்பில் தப்பு விடை சொன்ன பிள்ளையைப் பார்ப்பது போல இல்லை. அறிமுகமில்லாத யாரோ வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதைப் போலப் பார்த்தார்.

"குட்டை வீடா? கல்யாணமாகி வந்த நாள்லருந்து அதுல வாழ்ந்தவ நான் சொல்றேன். நீ எதிர்ச்சுவத்துல நின்னு படம் புடிச்சவ. நான் உள்ள இருந்தவ. எது எங்க வீடுன்னு நீ எனக்குச் சொல்றியா?"

அந்தப் படத்தில் வீடு டீச்சருடையது. மரவேலை எவனோ ஒரு ஆசாரியுடையது, வெயில் வெயிலுடையது. எனக்கென்று இருந்ததெல்லாம் அந்த உயரம் மட்டும்தான். உலகத்தில் வேறு யாரும் செய்யாமல் நான் மட்டும் செய்தது அது. அதைத்தான் டீச்சர் என் கையிலிருந்து வாங்கி, இது எங்கள் வீட்டினுடையது என்று வைத்துக்கொண்டார். ஆர்க்கிடெக்ட் எடுத்தபோது திருட்டு என்று கத்த முடிந்தது. டீச்சர் எடுத்தபோது அதுகூட முடியவில்லை.

டீச்சருக்கு நாற்காலி போட்டார்கள். கறுப்புக் கோட்டுப் பக்கத்திலேயே போடச் சொன்னார், போட்டார்கள். காபி வந்தது. ஆர்க்கிடெக்ட் படியில் உட்கார்ந்து, எந்த அறை எங்கே இருந்தது, கிணறு எங்கே, கொய்யா மரம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். கிளம்பும்போது ஆர்க்கிடெக்ட் பலகையை மாற்றப்போவதாகச் சொன்னார். டீச்சர் குடும்பத்தின் பெயரை அதில் சேர்க்கப்போகிறாராம், "எங்க வீடேதான்" என்று டீச்சர் சொன்ன வாக்கியத்தையும் சேர்த்து. டீச்சர் அவர் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினார். என்னைப் பார்த்து ஆர்க்கிடெக்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அன்றும் காவலாளியிடம் கொடுத்திருந்த பையை வாங்கும் சாக்கில் நான் திரும்பிக்கொண்டேன்.

ஆட்டோவில் ஏறும்போதே டீச்சருக்குக் கோபம் தணிந்துவிட்டது போல. சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் நிற்கும்போது என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"உன்னைத் திட்டிட்டேனேன்னு வருத்தப்படாதே கண்ணு. நீயும் நல்லாத்தான் எடுக்கற. ஆனா அந்தத் தம்பியப் பாரு, எங்கயோ இருந்து வந்து, சொந்தமா யோசிச்சு எப்படி ஒண்ணு செஞ்சிருக்கு! நீயும் அந்த மாதிரி உனக்குன்னு ஏதாவது செய்யேன்மா. இன்னும் எத்தனை நாளைக்கு மத்தவங்க கட்டினதையே படம் புடிச்சிட்டு இருப்ப?"

"பார்க்கலாம் டீச்சர்" என்றேன்.